அந்தப் பக்கம் பார்த்தவர்

‘அனுப்பியாயிற்று’ என்ற சொல்லை அவர் முன்னிலையில் எவரும் நிம்மதியாகச் சொல்லிவிட முடியாது. சொன்னவரைச் சிறிது நேரம் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். பிறகு, குரலைச் சற்றும் உயர்த்தாமல், “போச்சுன்னு சொல்றது இந்தப் பக்கம். வந்துச்சான்னு அந்தப் பக்கம் கேட்டீங்களா?” என்பார். நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். எழுந்து போய்க் கேட்போம். பெரும்பாலும் வந்திருக்கும். வந்திருக்கிறது என்று திரும்பி வந்து சொல்லும்போது அவரிடம் வெற்றியோ தோல்வியோ தெரியாது. தலையை ஒரு முறை அசைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அலுவலகமும் வரைபடப் பிரிவும், குமணன்சாவடியில் எந்திரப் பட்டறையும் என எங்கள் நிறுவனம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. அவர் கணினிப் பிரிவுக்கு. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆவடிக்கு அப்பால் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். அவருடைய தந்தை ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதனால் பட்டறைப் பேச்சு அவருக்கு இயல்பாக வரும். இயக்குநர் அறையில் ஒரு தமிழும் கடைசல் எந்திரத்தின் அருகில் இன்னொரு தமிழுமாக அவர் மாறிக்கொள்வதை நான் வியந்து கேட்டிருக்கிறேன். இரண்டிலும் அவர் கேட்ட கேள்வி மட்டும் ஒன்றுதான்.

இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. தொலைபேசியில் ஒரு முகவரியைச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்வார். உணவகப் பையனிடம் வாயிற்காவலருக்குத் தேநீர் கொடுத்தனுப்பினால், சற்று நேரம் கழித்துச் சன்னலருகே போய், காவலர் கையில் கோப்பை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். தம் திருமண அழைப்பிதழை எங்கள் எல்லோருக்கும் அஞ்சலில் அனுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து, “பத்திரிகை வந்துச்சா?” என்று கேட்டவர் அவர். “நேரே குடுத்திருக்கலாமே, மேடம்” என்று யாரோ சொன்னதற்கு, “தபால் சரியா வேலை செய்யுதான்னும் பாத்துக்கலாம்ல?” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்பது கடைசிவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பட்டறையில் இதைக் கேலி செய்வார்கள். “மேடம் கோயிலுக்குப் போனா சாமி கும்புட்டுட்டு அப்படியே வந்துருவாங்கன்னு நெனக்கிறியா? உள்ள பூந்து, ‘இன்னா நைனா, என் வேண்டுதல் வந்து சேந்துச்சா’ன்னு கேட்டுக்கினு தான் வெளிய வருவாங்க” என்று ஒருவர் சொல்ல, எந்திரச் சத்தத்தை மீறிச் சிரிப்பு எழுந்தது. அவர் அப்போது பின்னால்தான் நின்றிருந்தார். “சாமி பதில் சொல்லிச்சுன்னா உனக்கும் அதுல ஒரு காப்பி அனுப்பறேன், அண்ணாத்தே” என்றார்.

அந்தக் கேள்வியின் முழு எடையை நான் உணர்ந்தது ஏகாம்பரத்தின் விவகாரத்தில்.

ஏகாம்பரம் குமணன்சாவடிப் பட்டறையில் கடைசல்காரர். நூம்பலைச் சேர்ந்தவர். பெற்றோர் இருவரும் பிறர் நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலங்கள் மனைகளாக மாறத் தொடங்கியபோது மகன் தொழிற்பயிற்சி படித்துப் பட்டறைக்கு வந்தார். பல ஆண்டுகள் தற்காலிகமாக இருந்து, அந்த ஆண்டுதான் நிரந்தரமானார். அவர் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டில் வேலையிழந்தவரைச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டறையும் சேர்க்காது என்பதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

நடந்தது இதுதான். பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கான பாகத்தில் துளையின் அளவைக் குறைத்து அம்பத்தூரில் வரைபடத்தைத் திருத்தினார்கள். ஏகாம்பரம் பழைய அளவிலேயே கடைந்துவிட்டார். கடைந்த அத்தனையும் கழிவுக்குப் போயிற்று. வாடிக்கையாளர் கடுமையாகப் பேசினார். ஏகாம்பரம் பழைய அச்சுத்தாளையே வைத்துக்கொண்டு சோம்பலால் வேலை செய்துவிட்டார் என்று பணியாளர் பிரிவு அதிகாரி முடிவு செய்து, அவரை வீட்டுக்கு அனுப்பினார். விசாரித்து அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

விசாரணையில் ஏகாம்பரம் நின்றுகொண்டேதான் பேசினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அன்னிக்குக் காத்தால புச்சா எடுத்த பிரிண்டு தான் சார். எண்ணெ பட்டுப் பாழாச்சு, தூக்கிப் போட்டேன். ஆனா கம்ப்யூட்டர்ல இன்னா இருந்துச்சோ அத்தான் கடைஞ்சேன். எனுக்கு இன்னா, அளவு கனவுலயா வரும்?”

“புது டிராயிங் அங்க போயிட்டுதுன்னு மெஷினே சொல்லுது, ஏகாம்பரம்” என்றார் பணியாளர் அதிகாரி.

இங்கே எங்கள் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு சர்வர் கணினி இருந்தது. வரைபடக் கோப்புகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாலைதோறும் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு நிரல் இரண்டையும் ஒப்பிடும். ஒவ்வொரு கோப்பும் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்து, அம்பத்தூரில் உள்ளது பிந்தியதாக இருந்தால் மட்டும் குமணன்சாவடிக்கு நகலெடுத்து வைக்கும். முடிவில், பிழை ஏதும் நேர்ந்ததா என்று மட்டும் ஓர் அறிக்கை தரும். வரைபடம் திருத்தப்பட்ட நாளின் அறிக்கையிலும் பிழை ஏதுமில்லை. குமணன்சாவடி சர்வரைத் திறந்து பார்த்தோம். அங்கே இருந்தது புதிய வரைபடமேதான். ஏகாம்பரத்துக்கு ஆதரவாக ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது கணினிப் பிரிவிலிருந்து அவர் என் அறைக்கு வந்தார்.

“சார், பிழை இல்லைன்னு சொல்றது அம்பத்தூர் மெஷின். அது இந்தப் பக்கம்.”

“அந்தப் பக்கமும் பார்த்தோமே? புதிய படம்தானே இருக்கிறது?”

“இன்னிக்கு இருக்கு. ஏகாம்பரம் பிரிண்ட் எடுத்த அன்னிக்கு இருந்துச்சா?”

அவரே தேடிக் கண்டுபிடித்தார். ஏகாம்பரம் கடைந்து முடித்த பிறகு, வரைவாளர் அதே படத்தில் குறிப்பு ஒன்றைத் திருத்தி மறுபடி சேமித்திருந்தார். குமணன்சாவடியில் நாங்கள் பார்த்தது அந்த இரண்டாவது சேமிப்பு. முதல் திருத்தம் அங்கே போனதற்கு எந்தத் தடயமும் இல்லை. போகவில்லை என்பதற்கும் இல்லை. “ஒரு நாள் குடுங்க, சார். நான் அங்க போய் உக்காந்து பாக்கணும்” என்றார். நானும் உடன் போனேன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் புழுதியும் லாரிகளின் ஒலியும் பட்டறைக்குள்ளேயே கேட்கும். சர்வர், மேற்பார்வையாளர் அறையின் மூலையில் ஒரு மேசைமேல் இருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவர் அதைத் திறக்கவில்லை. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை குறைந்துகொண்டிருந்தது.

உணவு இடைவேளைச் சங்கு ஊதியது. அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க்கடிகாரத்தை. பிறகு என்னை.

“சார், உங்க வாட்ச்ல மணி என்ன?”

சொன்னேன். சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தியிருந்தது. சங்கும் அதன்படியே ஊதியிருந்தது. அவர் மேற்பார்வையாளரிடம் திரும்பினார். “இன்னா மேஸ்திரி, உங்க கடியாரம் முன்னாடி ஓடுது?”

“ஓடல மேடம், நாங்களே தான் தள்ளி வெச்சோம். அப்பத்தான் பசங்க நேரத்துக்கு ஷிப்டுக்கு வருவானுங்க. எல்லா ஊட்லயும் அப்படித்தானே வெக்கிறாங்க?”

“எல்லாக் கடியாரமுமா?”

“இங்க கீறது எல்லாம் ஒண்ணா தான் கீது. அந்தக் கம்ப்யூட்டர் வந்தப்பகூட மாட்ட வந்த பையன்கிட்ட சொல்லி அதையும் பத்து நிமிசம் தள்ளி வெச்சுக்கினோம். ஒண்ணு ஒரு நேரம், ஒண்ணு ஒரு நேரம் காட்டுனா கொயப்பமாயிடும்ல?”

அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது. எல்லோருக்கும் தெரிந்ததால் எவரும் எங்களிடம் சொன்னதில்லை.

அவர் சர்வரின் நெற்றியிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டார். “பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சீங்களா?”

கணினியைக் கவனித்துவந்த பெண் ஆர்வத்தோடு முன்னே வந்தார். “வெச்சோம் மேடம். விஜயதசமி அன்னிக்கு லேத்தெல்லாம் ஓட்டிப் பாத்தாங்க இல்ல? கம்ப்யூட்டருக்கும் முதல் வேலை செய்யணும்னு நான் தான் நல்ல நேரத்துல ஒரு ஃபைலைத் தொறந்து சேவ் பண்ணேன்.”

“எந்த ஃபைலு?”

“பெரிய ஆர்டரு தானே நல்லா வரணும்? அந்தப் படத்தைத் தான்.”

எங்கள் பகுதிப் பட்டறைகளில் விஜயதசமியன்று எல்லோரும் சற்று நேரம் வந்து, நல்ல நேரத்தில் எந்திரங்களை ஓட்டித் தொடங்கிவைத்துவிட்டுப் போவது வழக்கம். அம்பத்தூரிலும் அன்று அதுவே நடந்தது. வரைவாளர் துளை அளவைத் திருத்தி முடித்துவிட்டு, சேமிப்பதற்கு மட்டும் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார். அவரும் பெரிய ஒப்பந்தத்தின் படத்தையே தேர்ந்தெடுத்தார். இரண்டு இடங்களிலும் ஒரே நல்ல நேரம். குமணன்சாவடிப் பெண் பழைய படத்தை முதலில் சேமித்தார். சில நிமிடங்கள் கழித்து அம்பத்தூரில் புதிய படம் சேமிக்கப்பட்டது. ஆனால் குமணன்சாவடியின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தியிருந்ததால், பழைய படத்தின்மீது பிந்திய நேரம் பதிந்துவிட்டது. மாலையில் நிரல் இரண்டையும் ஒப்பிட்டது. அங்கே இருப்பதே புதியது என்று நம்பியது. அனுப்ப ஒன்றுமில்லை என்று முடித்துக்கொண்டது. அதன் கணக்கில் பிழை ஏதும் நடக்கவில்லை.

இதை அவர் வாயால் சொல்லி நிறுத்தவில்லை. மறுநாள் பணியாளர் அதிகாரியையும் இயக்குநரையும் அழைத்து, ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, இரண்டு இடங்களிலும் அதே வரிசையில் சேமிக்கவைத்து, நிரலை ஓட்டிக் காட்டினார். அறிக்கை பிழையில்லை என்றது. குமணன்சாவடிப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, அங்கே கோப்பில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னார். அந்தப் பெண் பழையதைப் படித்தார். இயக்குநர் திரையிலிருந்த அறிக்கையை இன்னொரு முறை படித்தார். பிறகு, “அந்த ஆளை வேலைக்கு வரச் சொல்லுங்கள்” என்றார்.

அந்தப் பெண்ணையோ மேற்பார்வையாளரையோ யாரும் ஒரு சொல் கடிந்து பேசாதபடி அவர் பார்த்துக்கொண்டார். “அவங்க அவங்க வேலை நல்லா நடக்கணும்னு பண்ணது” என்று மட்டும் சொன்னார். சுவர்க்கடிகாரத்தை அப்படியே விட்டுவிட்டு, சர்வரின் நேரத்தை மட்டும் அம்பத்தூர் சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி மாற்றினார்.

என் அளவில் விவகாரம் முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பணியாளர் அதிகாரியின் அறையில் கேட்டார்: “ஏகாம்பரம் ஏன் இன்னும் வரலை?”

“சொல்லி அனுப்பியாச்சும்மா.”

“யார்கிட்ட?”

“வேலப்பன்சாவடில இருந்து வர்றானே, ஒரு ஃபிட்டர். அவன்கிட்ட.”

ஃபிட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நூம்பல் பக்கம் போகவில்லை. சாலையோரத் தேநீர்க் கடையில் ஏகாம்பரத்தின் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லியிருந்தார். “அவரு கண்டிப்பா சொல்லிருப்பாரு மேடம். நல்ல மனுசன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. எழுந்து நிறுவனத்தின் வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.

நூம்பலில் நாங்கள் போய் இறங்கியபோது ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று நின்றது. பாத்திரங்களும் சுருட்டிய பாயும் ஒரு தகரப் பெட்டியும் அதில் ஏறியிருந்தன. அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றார். ஏகாம்பரம் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டுக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இன்னா ஏகாம்பரம் இது?”

“மச்சான் திருவள்ளூர்ப் பக்கம் செங்கச் சூளைல கீறாரு மேடம். வரச் சொன்னாரு. கம்பெனில இருந்து ஒண்ணும் வர்ல. அப்பால இங்க குந்திகினு இன்னா பண்றது?”

பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த நல்ல மனிதர் ஒரு திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தார்.

அவர் ஏகாம்பரத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். கடிகாரத்தையும், நல்ல நேரத்தையும், இரண்டு சேமிப்பையும், இயக்குநர் சொன்னதையும். ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் புறப்படத் திரும்பினேன். அவர் நகரவில்லை.

“நான் இன்னா சொன்னேன்? நீ சொல்லு.”

“நாளைக்கு வேலைக்கு வர்ணும்.”

“ஏன் வரணும்?”

“கூப்புட்டாங்க.”

“அது இல்ல. ஏன் கூப்புட்டாங்க?”

ஏகாம்பரம் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. தொலைபேசியில் மறுமுனை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதுபோலவே நின்றார்.

“எம்மேல தப்பு இல்ல” என்றார் ஏகாம்பரம். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, இன்னும் உரக்கச் சொன்னார். “எம்மேல தப்பு இல்லியாம்.”

“இல்லியாம் இல்ல. இல்ல” என்று திருத்திவிட்டு அவர் நிறுவன வண்டியில் வந்து ஏறிக்கொண்டார். அம்பத்தூர் நெருங்கியபோது, “இப்ப வந்து சேந்துடுச்சு, சார்” என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு என் மனைவி காலமானார். அதைப் பற்றி எழுத எனக்குப் பழக்கமில்லை. சடங்குகள் முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போனபின் பலரும் தொலைபேசியில் விசாரித்தார்கள். அவரும் விசாரித்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன், சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறேன் என்றேன். சரி, சார் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. அவர் நின்றிருந்தார். கையில் துணிப்பை. உள்ளே வந்தவர் கூடத்தில் நிற்காமல் நேரே சமையலறைக்குப் போனார். அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியைத் தொட்டார். அது காய்ந்து கிடந்தது. அரிசிப் பானையைத் திறந்து மூடினார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

“ரிப்போர்ட்ல எர்ரர் ஒண்ணும் இல்லைன்னு தான் வந்துச்சு, சார்” என்றார், என்னைப் பார்க்காமலே. பையிலிருந்து காய்களை எடுத்து வைத்தார். நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்வரை இருந்துவிட்டு, அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினார். அதற்குப் பிறகு பல காலம், முன்னறிவிப்பில்லாமல் அந்த அழைப்புமணி அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மறைந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. செய்தி கைப்பேசியில் வந்தது. அவருடைய கணவருக்கு ஆறுதல் எழுதினேன். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் திரையில் தோன்றியது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் புறப்பட்டேன்.

என் நலம் விசாரிக்க இன்றும் சிலர் இருக்கிறார்கள். மகள் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறாள். என்னிடம் வேலை பழகிய ஒருவர் அழைக்கிறார். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன் என்கிறேன். நம்பிவிடுகிறார்கள்.

சென்ற வாரம் ஏகாம்பரம் அழைத்தார். ஓய்வு பெற்றுவிட்டார், மூட்டுவலி என்றார். அவரிடமும் அதையே சொன்னேன். “சரி சார்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தேன். ஏகாம்பரம் மூச்சு வாங்க நின்றிருந்தார். கையில் தூக்குப் பாத்திரம். “நவுருங்க சார்” என்று என்னைத் தாண்டி, ஒரு காலைச் சற்றே இழுத்தபடி, நேரே சமையலறைக்குப் போய் அடுப்பின்மேல் கையை வைத்தார்.